அடிக்கடி நீக்கப்படும் செல்வி

ஜூன் 9, திங்கள்

கேன்டீன் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு இன்று முதல் ஆங்கில வகுப்பு நடக்கிறது. வேலை தொடங்குவதற்கு முன்னால், தினமும். தரை துடைத்த பினாயிலும் நேற்றைய சாம்பாரும் கலந்த வாடையில் உட்கார்ந்து, ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் "வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்" என்று கூட்டாகச் சொன்னோம். சொல்லச் சொல்ல அந்த வாடையே வாய்க்குள் வந்துவிட்டது.

சொல்லித்தர கோயம்புத்தூரிலிருந்து வரும் லியோவுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் நாடா, நாடாவில் தன் படம்.

"ப்ராப்ளம்னு எழுதாதீங்க. சேலஞ்ச். மிஸ்டேக்னு எழுதாதீங்க. கேப். லேட்டுங்கற வார்த்தையையே மறந்துடுங்க. ரிவைஸ்டு டைம்லைன்."

"சார், சம்பளம் லேட்டா வந்தா அதுவும் ரிவைஸ்டு டைம்லைனுங்களா?" என்று கேட்டான் ஷிப்பிங் ரியாஸ். எல்லோரும் சிரித்தார்கள். லியோ சிரிக்கவில்லை. "எக்ஸலன்ட். வெரி குட் யூசேஜ்" என்றார்.

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எம்.ஏ. வரலாறு முழுவதும் ஆங்கிலத்தில்தான் படித்தேன். நாவல்களும் படிக்கிறேன். ஆனால் இந்தச் சொற்கள் அங்கெல்லாம் இல்லை. இன்னொருவர் பல் துலக்கிய பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டது போல் இருக்கிறது.

திருப்பூரில் இந்தப் பனியன் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வாரமாகிறது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். செய்யாவிட்டால் தாராபுரம். தாராபுரத்தில் என் ஜாதகம் எத்தனை வீட்டு பீரோவில் இருக்கிறது என்பதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

ஹாஸ்டல் குளியலறைச் சாக்கடை வாயில் யாருடையதோ முடி, பந்தாக. குச்சியால் எடுத்தேன். இன்றைய வீட்டுப்பாடம்: 'அலைன்', 'லெவரேஜ்', 'ஸ்ட்ரீம்லைன்' மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அமைக்கவும். இரண்டில் எது அதிகம் குமட்டியது என்று சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று எனக்குச் செல்வியைத் தெரியவந்தது.

சரக்கில் ஏதாவது குறை வந்தால் பையர் புகார் அனுப்புவார்கள். அதற்கு நாம் பதில் அனுப்ப வேண்டும்: குறைக்குக் காரணம் என்ன, என்ன நடவடிக்கை எடுத்தோம். பழைய பதில்களை என் மேலாளர் தணிகாசலம் சார் படிக்கக் கொடுத்தார். நூல் பிசிறு என்று ஒரு புகார். காரணம் மனிதத் தவறு. சம்பந்தப்பட்ட செக்கர் செல்வி பணிநீக்கம் செய்யப்பட்டார். பட்டன் விழுந்தது என்று ஒரு புகார். செல்வி பணிநீக்கம். அளவு மாறியது, லேபிள் தலைகீழானது, பாலிதீன் பையில் பல்லி இருந்தது. எல்லாவற்றுக்கும் செல்வி.

"யாருங்க இந்தச் செல்வி?" என்று ரியாஸிடம் கேட்டேன்.

"செல்வி அக்காவைத் தெரியாதா? கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருக்கறாங்க. வருசத்துக்கு நாலு தடவை தூக்குவோம். பாவம், தீபாவளி போனஸ்கூட வாங்கினதில்ல."

அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. யாரோ எப்போதோ எழுதிய கடிதத்தைத் தேதி மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். பையருக்கு ஒரு தலை வேண்டும். இவர்கள் காகிதத்தில் ஒரு தலை கொடுக்கிறார்கள். உருண்டது யாருடையது என்று அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பொய்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சோம்பேறித்தனம்தான் அருவருப்பாக இருந்தது. ஒரே எழுத்துப்பிழை எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது.

ஜூன் 25, புதன்

பெரிய புகார். குழந்தைகள் இரவு உடை, மார்புப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. படங்கள் அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் வாத்துப் படம். வாத்தின் கழுத்தில் பழுப்பு வட்டம். ஒன்றிரண்டு இல்லை, பெட்டி பெட்டியாக.

தணிகாசலம் சார் என் மேசைக்கு வந்து நின்றார். நல்ல மனிதர். டீ வந்தால் தன் பங்கு பிஸ்கட்டை எனக்குத் தள்ளிவிடுவார். "ஏம்மா சுடர், இந்தத் தடவை பழைய கடுதாசியப் போட்டா ஆகாது. புதுசா ஒரு பொம்பள வந்திருக்குதாமா பையர் பக்கம். எல்லாத்தையும் நோண்டுதாமா. கிளாஸ்ல நீதான் ஃபர்ஸ்ட்டுன்னு லியோ சொன்னான். நீ எழுது."

வகுப்பில் முதல் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

(வகுப்பில் முதல்.)

ஜூன் 26, வியாழன்

நம்பும்படி எழுத விவரம் வேண்டும் என்று லியோ சொல்லியிருக்கிறார். பொத்தாம்பொதுவாக எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். மேசை எண், ஆள் எண், தேதி. எனவே இன்று செக்கிங் பகுதிக்குப் போனேன். தைத்து வரும் உடைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, கறை, ஓட்டை இருந்தால் ஒதுக்கிப் போடும் இடம். எல்லாரும் பெண்கள். மெஷின் எண்ணெய், வேர்வை, யாரோ தலையில் வைத்திருந்த வாடிய மல்லிகை எல்லாம் சேர்ந்து மூச்சை அடைத்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்தேன். பிறகு அவர்கள் பார்க்கிறார்கள் என்று எடுத்துவிட்டேன்.

வாத்துப் படம் போட்ட சரக்கு மூன்றாம் மேசையில் செக் ஆகியிருக்கிறது. அங்கே நின்றிருந்த அக்கா நடுவயது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார்.

"உங்க பேரு என்னங்கக்கா?"

"மரகதமுங்க. ஏனுங்கம்மிணி, எழுதிக்கறீங்களா?"

"ஆமாங்கக்கா. ஒரு கடிதத்துக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடையாள அட்டையைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார், எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ள. பிறகு விரலை மேலே நீட்டினார். மூன்றாம் மேசைக்கு மேல் இரண்டு குழல்விளக்குகள். இரண்டும் செத்திருந்தன.

"மாரியம்மன் பொங்கலுக்கு முன்னால போனதுங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. வயரிங்கையே மாத்தோணும், மொதல்ல சரக்கு போகட்டும் போகட்டும்ங்கறாங்க. அடுத்த மேசை வெளிச்சத்துலதான் பார்க்கறமுங்க. ஓட்டைன்னா கை சொல்லிப்போடும். கறையைக் கையி சொல்லுமுங்களா?"

பேச்சு வாக்கில் இன்னும் சொன்னார். கம்பெனிப் பின்சுவரை ஒட்டிய சந்தில்தான் வீடு. புருஷனுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மதியம் சங்கு ஊதியதும் ஓடிப்போய் ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்துவிடுவார். "வேற கம்பெனின்னா பஸ் ஏறிப் போகோணும். அந்த மனுசன் அதுவரைக்கும் ஈரத்துலயே கெடக்கோணும். இந்தச் சுவரு பக்கத்துல இருக்கறதாலதானுங்க என்ற பொழப்பு ஓடுது."

கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

எழுதிவிட்டேன். செல்வி இருந்த இடத்தில் மரகதம். மூன்றாம் மேசை, ஆள் எண், பணியில் சேர்ந்த ஆண்டு. வகுப்பில் படித்த சொற்கள் எல்லாம் தாமாக வந்து நின்ற இடம் எனக்கே வியப்பு. ஒரு வரிகூடத் தள்ளாடவில்லை. காகிதத்தில் நடப்பதுதானே இது. செல்வியை எத்தனை முறை நீக்கினார்கள், எந்தச் செல்விக்கு வலித்தது? ஒரு பொம்மைக்கு முகம் வரைந்தேன், அவ்வளவுதான்.

விளக்கைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. தணிகாசலம் சார் எடுத்துவிடச் சொன்னார். "லைட்டுன்னா நம்ம தப்பும்மா." எடுத்த பிறகு கடிதம் இன்னும் நன்றாக நின்றது. அதுதான் உண்மை.

ஜூலை 2, புதன்

பையரிடமிருந்து பதில். இவ்வளவு தெளிவான, வெளிப்படையான அறிக்கை இந்த ஊரிலிருந்து வந்ததில்லையாம். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து "யாருப்பா எழுதினது?" என்று கேட்டார். ரியாஸ் என்னைக் காட்டினான்.

வகுப்பில் லியோ என் கடிதத்தைச் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டினார். கேன்டீன் சுவரில் எண்ணெய்க் கறை. என் வாக்கியங்கள் அந்தக் கறைமேல் விழுந்தன. எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். "தி கன்சர்ன்டு பர்சனெல் ஹேஸ் பீன் செப்பரேட்டட்." வேலையை விட்டு நீக்கியதை அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். கணக்குப் பிரிவு சம்பத் அண்ணனுக்கு 'செப்பரேட்டட்' வரவில்லை, மூன்று முறை சொல்லவைத்தார் லியோ. மூன்றாம் முறை எல்லோரும் கைதட்டினார்கள்.

எம்.ஏ.வில் பஞ்ச காலத்துக் கலெக்டர் கடிதங்கள் படித்திருக்கிறேன். எலும்பாகிச் செத்தவர்களை 'டிஸ்ட்ரெஸ்' என்ற ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்திருப்பார்கள். நல்ல மடிப்பு, இஸ்திரி போட்டது போல. இந்த மனிதர்கள் மாலையில் எப்படிச் சாப்பிட்டிருப்பார்கள் என்று அப்போது யோசித்திருக்கிறேன்.

இன்று கேன்டீனில் லெமன் சாதம். சாப்பிட முடிந்தது.

ஜூலை 4, வெள்ளி

எல்லாவற்றையும் நோண்டும் அந்தப் புதுப் பெண் நேரில் வருகிறாள். பெங்களூரிலிருந்து, பையரின் ஆடிட்டர். அறிக்கையில் சொன்ன நடவடிக்கையைச் சரிபார்க்கவாம். மரகதத்தின் வெளியேற்றக் காகிதம், வருகைப் பதிவு, கையெழுத்து.

தணிகாசலம் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "செல்வின்னு போட்டிருந்தா, அப்பவே போயிட்டாங்கன்னு எதையாச்சும் காட்டியிருக்கலாம். இது எண்ணோட, மேசையோட நிக்குது. அந்தம்மா மேசைக்குப் போய், 'எங்க மரகதம்?'னு கேட்டா?"

"என்ன சார் செய்யறது?"

"மரகதம் ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும். ஆடிட் முடிஞ்சா வரச்சொல்லிக்கலாம். காயிதத்துல மட்டும் ஒரு கையெழுத்து." என்னைப் பார்த்தார். "நீ போய்ச் சொல்றயா? உன்கூட நல்லாப் பேசுதாமா அந்தம்மா."

எனக்கு நிறைய வேலை இருந்தது. அவரே ஆள் அனுப்பிவிட்டார்.

ஜூலை 7, திங்கள்

மூன்றாம் மேசை காலி. தற்காலிக ஏற்பாடுதான்.

ஜூலை 10, வியாழன்

ஆடிட் முடிந்தது. ஆடிட்டர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. செக்கிங் பெண்களிடம் பேச என்னை மொழிபெயர்க்க வைத்தார்கள். மூன்றாம் மேசையையே அங்கிருந்து எடுத்துவிட்டு, செத்த விளக்குகளுக்குக் கீழே அட்டைப்பெட்டிகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். விளக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒருவர் வானத்தைப் பார்ப்பதுபோல் கழுத்தை ஒடிக்க வேண்டும்.

பக்கத்து மேசைப் பெண்ணிடம், மரகதம் ஏன் போனார் என்று ஆடிட்டர் கேட்டார். அந்தப் பெண் பதில் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். ஆடிட்டர் தலையசைத்து எழுதிக்கொண்டார். எல்லாம் சரியாகப் போயிற்று. மதியம் அவருக்கு வெளியிலிருந்து பிரியாணி வந்தது. எனக்கும் ஒரு பொட்டலம். கையில் நெய் வாடை போகவேயில்லை. மூன்று முறை சோப்புப் போட்டேன்.

ஜூலை 14, திங்கள்

என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மூன்று மாதம் காத்திருக்கவில்லை. முதலாளி மைசூர்பாகு டப்பா கொடுத்தார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்ப அங்கயே இருந்துக்கறயா?" என்றாள். குரலில் வருத்தமா நிம்மதியா என்று தெரியவில்லை.

மைசூர்பாகு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் நெம்பி நெம்பிப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் துப்பினேன்.

ஜூலை 16, புதன்

மரகதம் அக்காவை எப்போது வரச்சொல்வது என்று தணிகாசலம் சாரிடம் கேட்டேன்.

"எப்படிம்மா வரச்சொல்றது? அந்த ஆடிட்டர் அடுத்தடுத்து வருமாமா. சொல்லாமக்கூட வருமாமா. மரகதம் போட்டோவோட அவங்க ஃபைல்ல ஏறிப்போச்சு. வந்து நின்னா நாம பொய் சொன்னோம்னு ஆயிரும். ஆர்டரே போயிரும். அப்புறம் ஐந்நூறு பேரும் வீட்ல இருக்கோணும்."

"ஒரு வாரம்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன்தான். இத்தனை நாள் செல்விய வெச்சு ஓட்டிட்டிருந்தோம். நீ எழுதினது ரொம்ப நல்லா இருந்துபோச்சும்மா. நம்பிட்டாங்க." பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினார். குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அந்த பிஸ்கட்டைப் பார்க்க முடியவில்லை.

பத்தாம் தேதி எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். பக்கத்து மேசைப் பெண் சொன்னது: "அந்தக்கா மேல தப்பே இல்லீங்க. இருட்டுல எப்படிங்க கறை தெரியும்? இவங்களுக்குத் தெரியுமே, இவங்கதான் வந்து எழுதிட்டுப் போனாங்க." நான் ஆங்கிலத்தில் சொன்னது: செக்கர்கள் அனைவரும் தரத்தைத் தொடர்ந்து மேம்படுத்துவதில் உறுதியாக இருப்பதாக இவர் சொல்கிறார்.

யோசிக்கக்கூட இல்லை. எச்சில் ஊறுவதுபோல் தானாக ஊறிவந்தது.

ஜூலை 20, ஞாயிறு

கம்பெனிப் பின்சுவர்ச் சந்துக்குப் போனேன். சாயத் தண்ணீர் ஓடிக் காய்ந்த சாக்கடை, ஓரத்தில் ஊதா நிறத் தடம். ஆப்பிள் வாங்கிப் போனேன். வழியிலேயே அது அசிங்கமாகத் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் போல. ஆனால் திரும்பக் கொடுக்கவும் முடியவில்லை.

மரகதம் அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் காதில் அதே நூல்.

"வாங்கம்மிணி. உள்ள வாங்க. மூத்திர வாடை அடிக்கும், பார்த்துக்குங்க."

கட்டிலில் அவர் புருஷன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் முழுசாக இருந்தது. நான் கைக்குட்டையை எடுக்கவில்லை.

"உங்கள வேலைக்குக் கூப்பிடறதப் பத்திச் சார்கிட்ட பேசினேங்கக்கா..."

"அது இருக்கட்டுமுங்க. நீங்க என்ன எழுதுனீங்க? அதைச் சொல்லுங்க. கையெழுத்துப் போடறப்ப இங்கிலீசுல இருந்துச்சு. தமிழ்ல சொல்லுங்க, இவரும் கேக்கட்டும்."

போனில் கடிதம் இருந்தது. முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அதுவரை நான் அதைத் தமிழில் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"'எங்கள் முழுமையான விசாரணையில்...'"

"ஆரு விசாரிச்சாங்க?"

"யாரும் இல்லீங்கக்கா."

"செரி. சொல்லுங்க."

"'மூன்றாம் மேசையின் செக்கர் மரகதம், தொடர்ந்து கவனக்குறைவாக இருந்தது தெரியவந்துள்ளது.'"

"தொடர்ந்துன்னா?"

"எப்பவும்."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். சிரிப்பா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பில்லை.

"'அவருக்குப் பலமுறை ஆலோசனை வழங்கப்பட்டும்...'"

"எனக்கா? ஆருங்க வந்தாங்க ஆலோசனை சொல்ல? மேஸ்திரி வந்து கத்துவாப்ல. அதுங்களா?"

"அது... அப்படி எழுதறது வழக்கம்ங்கக்கா."

"மேல சொல்லுங்க."

"'முன்னேற்றம் இல்லாததால், அவர் நிறுவனத்திலிருந்து பிரிக்கப்பட்டுள்ளார்.'"

முடிந்துவிட்டது. அவர் காத்திருந்தார். நான் போனை மடியில் கவிழ்த்தேன்.

"லைட்டு?"

"இல்லீங்கக்கா."

"லைட்டப் பத்தி ஒரு வார்த்தைகூடவா இல்லீங்?"

"இல்லீங்கக்கா."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். "அன்னைக்கு நீங்க பேரு கேட்டுட்டுப் போனீங்களே. மத்தியானம் வந்து இவருகிட்ட சொன்னேன். படிச்ச புள்ளை ஒண்ணு லைட்டுக்கு எழுதுது, நாளைக்கே வந்துருமுன்னு. இவரு என்னைய நம்பல. இந்தத் தலையை இப்புடி ஆட்டுனாரு."

புருஷனின் தலை இப்போதும் அசைந்தது.

"கத்தாதீங்கன்னு சொல்ல வந்திருப்பீங்க. நான் கத்தல. நாளையில இருந்து வேற கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போகப்போறேன், இவர நனைய விட்டுட்டு. அதுக்கு முன்னால ஒண்ணு. நீங்க எனக்குன்னு ஒண்ணும் எழுத வேண்டாம். உங்களுக்குன்னு எழுதுங்க. என்ன பார்த்தீங்களோ அத. உங்க பேரப் போட்டு."

ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இவருக்கு மெல்ல வராதுங்க."

ஜூலை 21, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. ஆடிட்டருக்கு எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படித்தால் புரியும் ஆங்கிலம். மேசைக்கு மேல் விளக்கு எரியவில்லை. மரகதம் பலமுறை சொன்னார். நான் அதை அறிவேன். அவர் தவறு செய்ததாக நான் எழுதியது பொய். நீங்கள் கேட்டபோது நான் மொழிபெயர்த்ததும் பொய். பெட்டிகளுக்கு மேலே பாருங்கள்.

வரிகள் மொட்டையாக நின்றன. லியோ பார்த்தால் சிவப்பால் அடித்துவிடுவார். என் பெயரைப் போட்டு அனுப்பினேன். பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். துணிச்சல் ஒன்றும் இல்லை. காலையில் சாப்பிட்ட பொங்கல்.

ஜூலை 23, புதன்

ஆடிட்டரின் பதில் முதலாளிக்குப் போயிருக்கிறது. திங்கட்கிழமை வருகிறாளாம். விளக்கம் வேண்டுமாம். காரணம் என்ன, நடவடிக்கை என்ன.

தணிகாசலம் சார் கத்தவில்லை. நாற்காலியைக் காட்டினார். அவர் கண்கள் சிவந்திருந்தன. "இப்படிப் பண்ணிட்டயேம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." பிறகு, "மாடியில முடிவாயிருச்சு. நிர்வாகத்துக்குத் தெரியாம தப்பான தகவல் அனுப்பின ஸ்டாஃபை எடுத்துட்டோம்னு சொல்லப்போறாங்க. அதான் நடவடிக்கை."

"நான்தானே சார் அந்த ஸ்டாஃப்."

"ஆமாம்மா." மேசையில் எதையோ நகர்த்தினார். "இன்னொண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. அந்த லெட்டரை நீயே எழுதிக் குடுத்துட்டுப் போறயா? அந்தம்மா லேசுல நம்பாது. உன் அளவுக்கு இங்க யாருக்கும் வராது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அவர் பயந்துபோனார்.

"எழுதறேன் சார். திங்கட்கிழமை மரகதம் அக்கா மேசையில நிக்கோணும். மேல ரெண்டு லைட்டும் எரியோணும். ரெண்டையும் நடவடிக்கைன்னு லெட்டர்ல போடுவேன். அந்தம்மா வந்து பார்த்தா இருக்கோணும். இல்லீன்னா நீங்க சம்பத் அண்ணனை எழுதச் சொல்லிக்குங்க."

மாடிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "செரின்னாங்க. தீபாவளி ஆர்டருக்கு ஆளும் பத்தாது."

நியாயம் என்று யாரும் சொல்லவில்லை. ஆள் பத்தாது.

ஜூலை 24, வியாழன்

எழுதினேன். மெர்ச்சண்டைசிங் உதவியாளர் சுடர்க்கொடி, ஆள் எண் இன்னது. கற்ற சொற்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. இந்த முறை அவற்றில் கசப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நிர்வாகத்துக்குத் தெரியாது என்ற வரியையும் எழுதிக் கொடுத்தேன். அது பொய். விலை பேசி முடித்த பொய்.

ரியாஸ் எட்டிப் பார்த்து ஒரு முறை வாசித்தான். "அப்ப செல்வி அக்கா ரிட்டயர்டு" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜூலை 28, திங்கள்

ஹாஸ்டலைக் காலி செய்தேன். மதியம்தான் தாராபுரம் பஸ். பையைத் தூக்கிக்கொண்டு பின்சந்து வழியாகப் போனேன். அந்த வழி சுற்று. ஏன் போனேன் என்று எழுதப் போவதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீன். வகுப்பு இன்று மதிய இடைவேளைக்கு மாறியிருக்கிறது போலும். கூட்டுக் குரல் கேட்டது. சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. ஒரு இடத்தில் எல்லோரும் நின்று, ஒற்றை ஆண்குரல் மட்டும் திக்கித் திக்கி மறுபடி மறுபடி சொன்னது. சம்பத் அண்ணன். எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும்.

மரகதம் அக்கா சந்தில் வேகமாக வந்துகொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. என்னையும் பையையும் பார்த்தார். நிற்கவில்லை, நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினார்.

"ஊருக்குங்களா?"

"ஆமாங்கக்கா."

நன்றி என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டும் போட்டுட்டாங்க. புது லைட்டு. என்னமா எரியுது, கண்ணு கூசுதுங்க" என்று சொல்லிக்கொண்டே, ஊட்டிவிட நேரமாகிவிட்டதென்று வீட்டுக்குள் போனார்.